பாடப்புத்தகம் மாறியது, பள்ளி மாறியதா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி முடித்த பிறகுதான் எங்கள் உண்மையான கூட்டம் தொடங்கும். டீ வரும், அப்புறம் கேள்விகள் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. இவை என் சொந்தக் கருத்துகள். துறையின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை தடவைதான் சார் பாடத்திட்டத்தை மாற்றுவீர்கள்?

மாற்றம் புதிதல்ல. இன்று எல்லோரும் சர்வ சாதாரணமாகச் சொல்லும் பிளஸ் டூவே 1978இல் வந்ததுதான். அதற்கு முன்பு 11 ஆண்டு பள்ளிப் படிப்பு, பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. 1964–66இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு சொன்ன 10+2+3 (பள்ளியில் 10+2, கல்லூரியில் 3 ஆண்டு) முறையைத் தமிழ்நாடு ஏற்றதும் அந்த ஓராண்டு கல்லூரியை விட்டு இறங்கி, இரண்டாண்டாகிப் பள்ளிக்குள் வந்தது.

அடுத்த பெரிய மாற்றம் சமச்சீர்க் கல்வி. அதுவரை மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று ஒரே தெருவில் நான்கு விதப் படிப்பு நடந்தது. முத்துக்குமரன் குழு பரிந்துரைத்து, 2010இல் சட்டம் வந்தது. 2010–11இல் 1ஆம் வகுப்புக்கும் 6ஆம் வகுப்புக்கும் பொதுப் புத்தகம் கிடைத்தது. 2011இல் ஆட்சி மாறியதும் திட்டம் நிறுத்தப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மாதம் நாங்கள் கதை சொன்னோம், படம் வரையச் சொன்னோம், மரங்களை எண்ணினோம். ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்: என் பணிக்காலத்திலேயே பிள்ளைகள் அதிகமாகக் கேள்வி கேட்ட இரண்டு மாதம் அதுதான்.

அதற்கப்புறம் 2012–13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. 2018–19இலும் 2019–20இலும் எல்லா வகுப்புக்கும் புதுப் புத்தகங்கள் வந்தன. இப்படிப் புத்தகம் பல தடவை மாறியிருக்கிறது. தேர்வும் வகுப்பறையும் அந்த வேகத்தில் மாறவில்லை. கீழே நான் சொல்லப்போகும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

2018இல் வந்த புத்தகம் ஏன் இவ்வளவு கனம்? பாதிப் பாடம் எங்களுக்கே புரியவில்லை.

அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் 2017இல் அமைந்த குழுவின் வழிகாட்டுதலில் எழுதப்பட்ட புத்தகங்கள் அவை. மேல்நிலை வகுப்புப் பாடத்திட்டம் அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் கை வைக்கப்படாமல் கிடந்தது. நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. பத்தாண்டு விட்ட குறையை ஒரே மூச்சில் தீர்க்கப் பார்த்தால் புத்தகம் தடிக்காமல் என்ன செய்யும்? பிளஸ் ஒன் இயற்பியலே இரண்டு தொகுதியாக வந்தது.

என்னைக் கேட்டால் அவை நல்ல புத்தகங்கள். படங்கள், வரைபடங்கள், பாட இறுதியில் சிந்திக்க வைக்கும் கேள்விகள், தமிழ்ப் புத்தகத்தில் இன்றைய எழுத்து என்று நிறைய உழைத்திருக்கிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. புதுப் புத்தகம் வந்தபோது ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சி சில நாட்கள். பாடவேளை எண்ணிக்கை பழைய கணக்குதான். 45 நிமிடத்தில் முடித்த பாடத்தின் இடத்தில் 90 நிமிடப் பாடம் வந்தது, மணி மட்டும் அதே நேரத்தில் அடித்தது.

பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு போட்டிருக்கிறது. செல்போன் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்கிறீர்களே?

சரியான கேள்வி. நான் என் போனை எடுத்து ஸ்கேன் செய்வேன், இதயம் எப்படித் துடிக்கிறது என்ற காணொளி ஓடும், 42 பிள்ளைகள் அந்தச் சின்னத் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டுவார்கள். முன்வரிசை பார்க்கும், பின்வரிசை முன்வரிசையைப் பார்க்கும். திறன்மிகு வகுப்பறைத் திரை உள்ள பள்ளிகளில் நிலைமை எவ்வளவோ மேல். வீட்டில் போன் இருந்தால் மாலையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

புத்தகம் நல்ல புத்தகம் என்கிறீர்கள். பிறகு ஏன் என் மகன் வரி மாறாமல் மனப்பாடம் செய்கிறான்?

ஏனென்றால் அவன் புத்திசாலி. எதற்கு மார்க் விழுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

முன்பு 'புளூபிரிண்ட்' என்று ஒன்று இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மார்க், எத்தனை ஐந்து மார்க் வரும் என்ற பங்கீடு முன்கூட்டியே வெளியாகிவிடும். 'இந்த மூன்று பாடத்தை விட்டாலும் 90 எடுக்கலாம்' என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்கென்றே டியூஷன் சென்டர்கள் இருந்தன. 2018இல் புதுப் புத்தகத்தோடு சேர்த்து அந்த முறையை நிறுத்தினார்கள். கேள்வி எங்கிருந்தும் வரலாம், பாடத்தின் உள்ளிருந்தும் வரலாம் என்றார்கள். 'இன்டீரியர் கேள்வி' என்று பிள்ளைகள் நடுங்குவது அதைத்தான். பாடத்தின் நடுவிலிருந்து ஒரு கேள்வி வந்தாலே 'வினாத்தாள் கடினம்' என்று மறுநாள் செய்தி வந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'நியூட்டனின் மூன்றாம் விதியைக் கூறுக' என்று கேட்டால் என் வகுப்பில் 40 பேர் எழுதுவார்கள். 'படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு ஏன் பின்னால் போகிறது?' என்று கேட்டால் 10 பேர். இத்தனைக்கும் எங்கள் ஊரில் ஏரி இருக்கிறது, அந்த 40 பேரில் பாதிப் பேர் பரிசலில் ஏறிக் குதித்தவர்கள். பரிசலில் பார்த்ததை விடைத்தாளில் எழுதலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் சொல்லவில்லை. டிசம்பர் வந்தால் தேர்ச்சி விழுக்காடு என்ற கத்தி எங்கள் தலைக்கு மேலும் தொங்குகிறது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கையேட்டை வைத்து, அதே பத்துக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறோம். பிள்ளை தேறிவிடும். விதியை அறிந்ததா என்பது வேறு விஷயம்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை ஏன் வைத்தார்கள், ஏன் எடுத்தார்கள்?

வைத்ததன் காரணம் ஊரறிந்தது. விடுதியோடு கூடிய சில பள்ளிகள், மக்கள் வழக்கில் 'பிராய்லர் பள்ளிகள்', பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்டும் ஒரே புத்தகம், ஒரே தேர்வுக்குத் தயாரிப்பு, 1200க்கு 1150, பேருந்து முதுகில் புகைப்படம். எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படிப் படித்துவிட்டு வந்தான். அவனுடைய பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் உறை கூடப் பிரிக்காமல் பரண்மேல் இருந்தது. பொறியியல் கல்லூரி முதல் ஆண்டில் கணக்கில் அரியர் வைத்த பிறகுதான் அதை இறக்கினான். நீட் தேர்விலோ 11, 12 இரண்டு வகுப்புப் பாடமும் வரும்.

அதனால் 2017–18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் போய் ஆண்டுக்கு 600 ஆனது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதும் 2017 முதல் நின்றது. இந்தக் கடைசி முடிவுக்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு போட வேண்டும். ரிசல்ட் நாளில் வீடுகளில் சோறு இறங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் 2018இலேயே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறம் பிளஸ் ஒன் தேர்வுக்குப் பயம் மட்டும் மிச்சம், பயன் குறைவு. 10, 11, 12 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை என்ன ஆகும்? 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நிறுத்தியது. நீதிபதி முருகேசன் குழுவின் அறிக்கையை ஒட்டி வந்த கொள்கை அது. 2025–26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி அளவிலான தேர்வுதான்.

நல்லதா கெட்டதா என்று கேட்டால், எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய நோய் திரும்பாமல் இருக்க மருந்து என்ன என்பதை யாராவது சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காத பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? தேர்வுதான் ஒரே போலீஸ்காரர் என்ற நிலைமை இருக்கும்வரை, போலீஸ்காரரை வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். இதில் என்ன நவீனம்?

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அதுதான். 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது 2009ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளியில் 30 பேர் இருந்தாலும் ஐந்து வகுப்பு ஐந்து வகுப்புதானே? அரியலூர் பக்கமோ கொல்லிமலைப் பக்கமோ போனால், ஒரே அறையில் ஒரு மூலையில் 'அம்மா, ஆடு', இன்னொரு மூலையில் வகுத்தல் கணக்கு என்று நடப்பதைப் பார்க்கலாம். 'ஒரு வகுப்பு, ஒரு புத்தகம், ஒரு ஆசிரியர்' என்று நினைத்து எழுதிய பாடத்திட்டம் அந்த அறைக்குள் போனதும் திண்டாடிவிடும்.

இதற்கு நம்மிடம் ஒரு விடை ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பாயில் உட்கார்ந்து அட்டை வைத்துப் படித்தார்களே, அது என்ன ஆனது?

செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப்புற ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்க, 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது.

என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை, அவர் அறையில்தான் அதை அருகிலிருந்து பார்த்தேன். பெஞ்சு கிடையாது, பாய். சுவரோரம் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள் கொடித்துணி மாதிரி ஆடும். சுவரில் ஏணிப்படி அட்டவணை. முயல் படம் போட்ட அட்டையை முடித்தால் அடுத்த படி என்ன என்று பிள்ளையே ஏணியைப் பார்த்து அட்டையை எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவி வேண்டியவர்கள் ஒரு வட்டம், பக்கத்துப் பிள்ளையின் உதவி போதும் என்பவர்கள் ஒரு வட்டம், தானே செய்பவர்கள் இன்னொரு வட்டம். மூன்று நாள் அம்மைக்கு லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்து, விட்ட படியிலிருந்து ஏறும். எந்த வகுப்பு என்பதைவிட எந்தப் படி என்பது முக்கியம். பள்ளிக் கட்டமைப்பை மாற்றுவது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதை நான் கண்ணால் கண்டது அந்தப் பாயில்தான்.

ஏன் தேய்ந்தது? காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அட்டை தொலைந்தது. நடுவில் ஓர் அட்டை காணாமல் போனால் ஏணியில் ஒரு படி இல்லை, அத்தனை பிள்ளைகளும் அங்கேயே நின்றுவிடுவார்கள். கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை நேரத்துக்கு வராது. பெற்றோருக்கும் மனக்குறை: 'டீச்சர் பாடமே நடத்துவதில்லை, பிள்ளை அட்டை வைத்து விளையாடுகிறது.' பிறகு முப்பருவப் புத்தகங்கள் வந்து அட்டைகளை ஓரம் கட்டின.

கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' அதே யோசனையின் தங்கை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற மூன்று படிகள். அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். நல்ல முறைதான். என் மனைவியின் புகார் ஒன்றே ஒன்று: 'பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் செயலியில் ஏற்றுவதற்குள் பிள்ளை அடுத்த படிக்கே போய்விடுகிறது.'

'ப' வடிவில் உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார்களே?

2025 ஜூலையில் அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பறையைக் காட்டியிருந்தார்கள், அது பேசுபொருளான சமயம். எல்லோரும் முன்வரிசை ஆகட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் 20க்கு 20 அடி அறையில் 44 பேரை 'ப' போட்டு உட்கார வைத்துப் பாருங்கள், இரண்டாவது 'ப' போட வேண்டி வரும். நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பலகை பார்ப்பது குறித்தும் மறுப்பு எழுந்தது. சில நாளிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

புதிய தேசியக் கொள்கையின் 5+3+3+4 இங்கே வருமா?

தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கை, படிப்பை 5, 3, 3, 4 ஆண்டுகள் என்று நான்கு கட்டமாகப் பிரிக்கிறது, பள்ளிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்கிறது, ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. மாநிலக் கொள்கை 10+2, 5 வயது, இருமொழி என்று நிற்கிறது. இந்த இழுபறியில் 2024–25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் ஒன்றிய நிதி நின்றுபோனது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பதைத் தேர்தல் மேடைகளுக்கு விட்டுவிடுகிறேன். மழலைக் கல்வி பள்ளியோடு சேர வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது சரியான திசை. அதை எல்லா ஊருக்கும் கொண்டு போயிருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் போட்டால் பிள்ளை எப்படிப் படிக்கும்?

பெயில் போட்டால் எப்படிப் படிக்கும்? 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 10 வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்தால், பெரும்பாலும் அது அதே பாடத்தை இன்னொரு முறை புரியாமல் கேட்கும், அவ்வளவுதான். ஆல் பாஸில் உள்ள ஓட்டை வேறு. பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய மதிப்பீடு, சடங்காகிவிட்டது. வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் முழுக்க வகுப்பிலேயே செயல்பாடுகளைப் பார்த்துப் போடுவதற்கு, 40 மதிப்பெண் வைத்தார்கள். ஸ்டேஷனரி கடைகளில் வரைந்து வைத்த சார்ட்டே விற்க ஆரம்பித்தது. ஒரே ஒளிச்சேர்க்கைப் படத்தை ஐந்து பிள்ளைகளிடமிருந்து ஒரே நாளில் வாங்கி நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு, ரோபோடிக்ஸ் எல்லாம் இப்போதே சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும், அளவோடு. கேரளத்தில் 2025 முதல் பத்தாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ரோபோடிக்ஸ் படிக்கிறார்கள். இங்கேயும் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை பாடம் வந்திருக்கிறது. எங்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸ் பிடித்தால் மற்றவர் வேடிக்கை. அதையும் தாண்டி ஒரு பெண், பூச்சி தின்ற கத்தரி இலையைப் படம் பிடித்து, 'இது என்ன நோய்?' என்று கணினியைக் கேட்டாள். வந்த பதிலை வீட்டில் அப்பாவிடம் காட்டினாள். 'நோயில்லை, மருந்து ஜாஸ்தியானதில் கருகியது' என்றாராம் அவர். மறுநாள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க அதைத்தான் பேசினோம். எந்தப் பதிலை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதைவிடப் பெரிய கணினிப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

பின்லாந்து, சிங்கப்பூர் மாதிரி நாமும் செய்ய முடியாதா?

பின்லாந்தில் மேல்நிலைப் படிப்பின் முடிவில்தான் முதல் தேசியத் தேர்வு. 2016 பாடத்திட்டப்படி, பல பாடங்களைக் கலந்த ஒரு கற்றல் தொகுப்பையாவது ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். அங்கே ஆசிரியர் ஆவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அதை மறந்துவிட்டு வகுப்பறைப் புகைப்படத்தை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

நமக்குப் பக்கமான பாடம் சிங்கப்பூர். நம்மைப் போலவே தேர்வு, டியூஷன் என்று அலையும் சமூகம், தாய்மொழிப் பாடமாகத் தமிழும் உண்டு. பிள்ளைகளை 'எக்ஸ்பிரஸ்', 'நார்மல்' என்று பிரித்து முத்திரை குத்திய முறையை 2024இல் உயர்நிலை முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே பிள்ளை கணக்கை ஒரு நிலையிலும் மொழியை வேறு நிலையிலும் படிக்கலாம். புத்தகத்தைத் தொட்டதோடு நிறுத்தவில்லை, பிரிவையும் தேர்வையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். முன்கூட்டியே அறிவித்து, ஆண்டுக்கணக்கில் படிப்படியாகச் செய்கிறார்கள். ஜூன் வந்த பிறகு புத்தகம் தேடும் நமக்கு இதுதான் முதலில் கற்க வேண்டியது.

பெற்றோர் நாங்கள் என்ன செய்ய முடியும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். 'எத்தனை பேர் பாஸ்?' என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்கிறீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு அம்மா வேறு மாதிரி கேட்டார். 'குவிலென்சின் குவியத் தொலைவு என்று என் பொண்ணு ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதியிருக்கிறாள் சார். லென்ஸை எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டால் தெரியவில்லை. உங்களிடம் எத்தனை லென்ஸ் இருக்கிறது?' எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பீரோவைத் திறந்தால் மூன்று, அதில் ஒன்று விளிம்பு உடைந்தது. செய்முறைத் தேர்வு நாளில் மட்டும் வெளியே வருபவை. அளவுகளை நான் பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் பார்த்து எழுதியிருந்தார்கள்.

அன்றே தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்த வாரம் பன்னிரண்டு லென்ஸ் வந்தது. ஜன்னலோரம் நின்று வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். வெளியே இருந்த வேப்பமரம் தாளில் தலைகீழாக, இலை அசைவதோடு விழுந்தது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் அன்று மணி அடித்தும் யாரும் நகரவில்லை.